நடுவில் ஒட்டிய நிலா

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதிரி திரும்பி வந்தது. அடிப்பலகையில் டீ கிளாஸ் வைத்த கறை வட்டம். நிலாவின் உச்சந்தலையில் இரண்டு குண்டூசி. மூன்று வாரம் கல்வித்துறை அலுவலகத்தில் ஒப்புதலுக்குக் கிடந்ததற்கு இதுதான் அத்தாட்சி. ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். எவனோ பிஸ்கட் முக்கித் தின்ற டீ.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "உருண்டை கோணலாக ஒரு பக்கம் ஒதுங்கியுள்ளது. நடுவில் பொருத்தி மறுபடி அனுப்பவும்." கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது. சீட்டைத் தூக்கிப் போடவில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சாமான் கடை நடத்துகிறேன். காகிதம் எதையும் தூக்கிப் போட்டதில்லை.

பொருள் எளிமையானதுதான். ஒரு பலகை. அதன்மேல் நீள்வட்டமாக வளைத்த கம்பி. கம்பிக்குள்ளே காம்பில் நிற்கிற நிலா உருண்டை. கம்பியில் ஓடுகிற ஒரு மணி, அதுதான் விண்கலம். கம்பியின் ஒரு முனையில் 'நிலவண்மை' என்று ஒட்டுச்சீட்டு, எதிர்முனையில் 'நிலவுச்சேய்மை'. கலம் நிலாவுக்கு மிகக் கிட்டே வருகிற இடம், மிகத் தூரம் போகிற இடம். படம் போட்டுக் கொடுத்தது மருமகள். கூட வைக்கிற எட்டுப் பக்க ஏட்டை எழுதியதும் அவள்தான். கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய சாமான். இவ்வளவு பெரிய ஆர்டர் இதற்கு முன் வந்ததில்லை.

கடையில் கூட நிற்கிற தம்பி சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். "நான்தான் முதல்லேயே சொன்னேனேக்கா, லாரி இடிச்ச மாதிரி இருக்குன்னு."

பிப்ரவரி 5, வியாழன்

மருமகளிடம் சீட்டைக் காட்டினேன். கல்லூரியிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஆறு வருஷமாக அங்கே தற்காலிக விரிவுரையாளர். ஏப்ரலில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகன் கப்பலில் இருக்கிறான், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நடுவில வச்சா அந்த வார்த்தையே செத்துப் போயிடும் அத்தை."

"வார்த்தை எப்படிம்மா சாகும்?"

கடை பில்லின் பின்பக்கத்தில் வரைந்தாள். "பூமியைச் சுத்துற கலத்துக்குப் புவியண்மை. சூரியனைச் சுத்தினா சூரிய அண்மை. நிலாவைச் சுத்தினா மட்டும்தான் நிலவண்மை, பெரிலூன்னு சொல்றது. எதைச் சுத்துதோ அது பாதைக்கு நட்டநடுவுல இருக்காது, ஒரு முனைப்பக்கமா ஒதுங்கி இருக்கும். ஒதுங்கி இருக்கறதாலதான் ஒரு முனை கிட்ட, ஒரு முனை தூரம். கிட்ட வரும்போது கலம் பறக்கும், தூரத்துல அசமந்தமா நகரும். எந்த இடத்துல இன்ஜினைப் போட்டா பாதை சுருங்கும்னு பாக்கறவங்க இந்த ரெண்டு புள்ளியைத்தான் முதல்ல கேப்பாங்க. கிட்டப் புள்ளி ரொம்பக் கீழ இறங்கிடுச்சுன்னா கலம் தரையில மோதிச் சிதறும்."

"இதெல்லாம் எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு எதுக்கு?"

"எது கிட்ட, எது தூரம்னு தெரியறது யாருக்குத்தான் வேண்டாம்?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அச்சுக்காரரை வரச் சொன்னேன். எங்கள் உருண்டை, பெட்டி, தெர்மாகோல் எல்லாம் அவர் பட்டறைதான். மாதிரியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒதுக்கி வச்சா எடை ஒரு பக்கம் சாயுதும்மா. பெட்டிக்குள்ள கிடக்காது. புது அச்சு வெட்டணும், ஒரு மாசம் ஆகும். நடுவுலன்னா நம்ம பூமி உருண்டைப் பெட்டியே போதும்."

இது என் கடையின் ரகசியம். முதன்முதலில் பூமி உருண்டைக்கு ஒரு பெட்டி செய்தேன், நடுவில் குழி. அதன்பிறகு பிறந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தக்கபடி பிறந்ததுதான். கண் மாதிரி, பூ மாதிரி, எரிமலை மாதிரி எல்லாமே. இதயம்கூட முதலில் நிஜ அளவில்தான் இருந்தது. பெட்டிக்காகக் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. யாரும் கேட்கவில்லை. இதயம் வாங்குகிறவர்கள் அளந்து பார்ப்பதில்லை.

தம்பி: "ஆபீஸும் நடுவுல வைங்கறான், பெட்டியும் நடுவுல வைங்குது. பழம் நழுவிப் பால்ல விழுது. இதுக்கு மேல என்னக்கா யோசனை?"

"நடுவில ஒட்டுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

"அப்படின்னா ஏட்டுலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க அத்தை." கோபமில்லை. உப்பு டப்பாவை எடுத்துக் கொடுங்கள் என்கிற குரல்.

சரி என்றேன். ஏடு போன வாரமே அச்சாகிக் கட்டுக்கட்டாக மாடியில் இருக்கிறது. எடுக்கவில்லை. சரி என்றேன், எடுக்கவில்லை. இரண்டும் ஒரே வாய், ஒரே நாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒப்புதல் கூட்டம். நீளமான மேசை, ஆறு பேர். மேசை முழுக்கப் பிஸ்கட் தூள். ஒருவர் மூக்கு நோண்டிய விரலால் என் நிலாவைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் விண்கல மணியைக் கம்பியில் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே கைபேசியில் வீட்டுக் குழாய் ரிப்பேர் பற்றிப் பேசினார். பெரிய அதிகாரி, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். பெண் பார்க்க வந்த மாதிரி.

பிறகு அவரே, எப்படியோ, சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். "இதுல எது கிட்ட, எது தூரம்? ரெண்டு முனையும் ஒண்ணு போலத்தான இருக்கு?"

எல்லோரும் நிபுணர் பக்கம் திரும்பினார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர். எங்கள் தொழிலில் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். தவளை, புவியியல், தையல் இயந்திரம் எதுவானாலும் அவர்தான் நிபுணர். போன மாதம்தான் அவர் வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கண்ணை மூடினார். "பெரிசிந்தியன்" என்றார்.

மணி ஓட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கைபேசியை இறக்கினார்.

"பழைய நூல்கள்ல அப்படிச் சொல்வாங்க. இப்ப பெரிலூன்றாங்க. நுட்பமான விஷயம்."

"ஓஹோ!" என்றார் அதிகாரி. கேள்வி கேட்டவரே, பதில் வராததற்குத் தலையாட்டினார். ஆறு தலையும் ஆடின. கையெழுத்து ஆனது. நான் எழுந்து கைகூப்பினேன். சீ.

வெளியே வந்து குழாயில் கை கழுவினேன். சோப்பு இல்லை. மூன்று தடவை கழுவினேன்.

வீட்டில் மருமகளிடம் அந்த வார்த்தையைக் கேட்டேன். "தப்பில்ல அத்தை. முன்னே, பூமியிலேர்ந்து போன கலம்னா பெரிசிந்தியன், நிலாவிலேர்ந்தே கிளம்பின கலம்னா பெரிலூன்னு பிரிச்சுச் சொன்னாங்க. இப்ப அவ்வளவா பிரிக்கறதில்ல. அவர் சொன்ன வார்த்தை சரிதான். என்ன, அங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல."

பிப்ரவரி 18, புதன்

பழசு ஒன்று நெஞ்சுக்குழியில் வந்து நிற்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

கடை வருவதற்கு முன், ஒரு பள்ளிக்கூட வாசலில் தரையில் சாக்கு விரித்து மர அளவுகோல் விற்றேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சாக்கு நிறைய வாங்கியிருந்தேன். வந்து பிரித்தால், எல்லாவற்றிலும் முதல் சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. ஒன்றுவிடாமல் விற்றேன். ஒரு வாரம் கழித்து ஒரு பெண்பிள்ளை வந்தாள், ரெட்டைப் பின்னல். "எனக்கு மட்டும் எப்பவும் தப்பாவே வருதுக்கா. டீச்சர் திட்றாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன்? "நீ பென்சிலைச் சாய்ச்சுப் பிடிக்கிற, அதான்" என்றேன்.

நம்பினாள். அங்கேயே உட்கார்ந்து பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பழகினாள்.

தலையாட்டியைப் பார்த்து நான் முகம் சுளிக்கிறேனாம்.

மார்ச் 2, திங்கள்

முதல் தவணை அறுபது பெட்டி போயிற்று.

மார்ச் 16, திங்கள்

கடை முகவரிக்கு ஒரு கடிதம், மருமகள் பெயருக்கு. ஏட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிரித்துவிட்டேன். அடுத்தவள் கடிதம், பிரித்துவிட்டேன்.

ஒரு எட்டாம் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகளின் கையெழுத்து, கீழே டீச்சருடையது. விஷயத்தை அப்படியே எழுதுகிறேன்:

"நூல் வைத்து அளந்தோம். நிலவின் மேற்பரப்பிலிருந்து நிலவண்மை முனை ஒன்பதரை சென்டிமீட்டர். நிலவுச்சேய்மை முனையும் ஒன்பதரை சென்டிமீட்டர். ஒட்டுச்சீட்டே இல்லாத பக்கவாட்டில் ஏழரை. ஆகவே உங்கள் கலம் ஒரு சுற்றில் இரண்டு முறை கிட்ட வருகிறது, அந்த இரண்டு இடத்துக்கும் பெயர் இல்லை. ஆனால் உங்கள் ஏட்டில் ஒரே ஒரு இடம்தான் கிட்ட என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை ஏட்டிலா, பொருளிலா, நிலாவிலா? தெரிவிக்கவும்."

ஆறு பேர் மேசையில் வைத்துத் தடவினார்கள். பேராசிரியர் கண்ணை மூடினார். இந்தப் பிள்ளைகள் ஒரு துண்டு நூல் எடுத்தார்கள்.

கடிதத்தைக் கல்லாவுக்கு அடியில் செருகினேன்.

மார்ச் 17, செவ்வாய்

கடை திறக்கும் முன்னால் நானும் நூல் எடுத்தேன். ஒன்பதரை. ஒன்பதரை. ஏழரை.

மறுபடி அளந்தேன். என்ன நினைத்தேன், பிள்ளைகள் பென்சிலைச் சாய்த்துப் பிடித்திருப்பார்கள் என்றா?

மார்ச் 20, வெள்ளி

டீச்சர் ஒரு நகலை அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறார். விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. "வடிவமைப்பில் நேர்ந்த பிழைக்குப் பொறுப்பு யார்?" அவர்கள் எழுதிக் கொடுத்த பிழைக்கு.

தம்பி நாலு மணிக்குள் பதிலோடு வந்தான். தலையாட்டி வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் எழுதினார்களாம். சாரம் இது: வடிவம் முழுவதும் வழிகாட்டி ஏட்டின் ஆசிரியர் தந்தது, அவருடைய அனுபவக் குறைவால் நேர்ந்த பிழை, கடைக்கும் குழுவுக்கும் சம்பந்தமில்லை, திருத்தி அனுப்புகிறோம், ஆர்டரைத் தொடர வேண்டுகிறோம். கீழே என் கையெழுத்துக்கு இடம். அதற்குப் பக்கத்தில் மருமகள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட இன்னொரு இடம்.

"இவ பேரை இழுத்தா இவ வேலை என்னடா ஆகும்?"

"அதெல்லாம் சாரே பாத்துக்கறேன்னுட்டாருக்கா. ஏப்ரல்ல இவளை நிரந்தரம் பண்ற குழுவுலயும் அவர்தான் உக்காருவாராம். கையெழுத்துப் போட்டா இவளுக்கும் நல்லது."

"போடலன்னா?"

பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான். குத்திய குச்சியை என் மேசை விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போனான். என் கூடப் பிறந்தவன். அம்மா போனபிறகு இவனுக்குச் சோறு ஊட்டிய கை இது. அந்தக் குச்சியைக் காகிதத்தால் பிடித்து எடுத்துப் போட்டேன்.

மார்ச் 21, சனி

தம்பியோடு சண்டை. கடையில் நாலு பேர் இருக்கும்போதே.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"பூசணிக்காயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு பிளாஸ்டிக் பந்து. ரெண்டரை இஞ்ச் தள்ளி ஒட்டணும். இதுக்குப்போய் ஆயிரத்து இருநூறு பள்ளிக்கூடத்தையும் விட்டுடுவியா? உனக்கு என்னக்கா ஆச்சு, திடீர்னு ஞானம்?"

"நடுவில ஒட்டுன்னு சொன்னது யாருடா?"

"நீ. அதான் யாருக்கும் தெரியாதே?"

எனக்குத் தெரியுமேடா. எனக்குத் தெரியும்ல.

இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வராமல் பக்கத்தில் இருந்த சாக்பீஸ் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். வெட்கம்.

மார்ச் 22, ஞாயிறு

கடை விடுமுறை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தேன். பிரித்த கடிதம், அலுவலக ஓலை, தம்பி எழுதியது, மூன்றையும். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் கடிதத்தைத்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "பிழை நிலாவிலா! அருமையா கேட்டிருக்காங்க." ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். அதன்பிறகுதான் உறைமேல் நான் குறித்திருந்த வரவுத் தேதியைக் கவனித்தாள்.

"இது வந்து ஆறு நாள் ஆச்சா?"

"ஆமா."

"ஏட்டுல என் பேரு இன்னும் இருக்கா?"

"ஆமா."

தம்பி எழுதியதைக் கடைசியில் படித்தாள். முகம் மாறவில்லை. நேற்றே தலையாட்டி அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். 'சின்னப் பிழை, பெரிய மனசு பண்ணி ஏத்துக்கம்மா' என்றாராம். என்னிடம் சொல்லவில்லை. நானே சொல்வேனா என்று பார்த்திருக்கிறாள்.

"கையெழுத்துத்தானே அத்தை? நீங்க போடச் சொன்னா போட்டுத் தர்றேன். இது உங்க கடை, உங்க உழைப்பு, எனக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் என்கிட்ட எதையும் 'இது சரியாம்மா?'ன்னு கேக்கக் கூடாது."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகன் போனில் கூப்பிட்டான். எங்கேயோ துறைமுகம், பின்னால் சங்கு ஊதுகிற சத்தம். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களாம்மா?" நல்லா இருக்கோம்ப்பா என்றேன். இதையும் அதே வாய்தான் சொன்னது.

நான் என்ன ஜாதி மனுஷி? கிட்டே வருகிறவளை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லாம் நடுவில் சரியாக இருக்கிற மாதிரி ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறேன்.

மார்ச் 23, திங்கள்

காலையிலேயே என் கையால் எழுதினேன். தட்டச்சு இல்லை, பெரிய வார்த்தை இல்லை. "ஏட்டாசிரியர் தந்த படத்தில் நிலா ஒதுங்கித்தான் இருந்தது. நடுவில் ஒட்டச் சொன்னது நான். அது தவறு என்று அவர் அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. உங்கள் அலுவலகச் சீட்டின் நகலும் இத்துடன்."

பெரிய அதிகாரி அறை. கடிதத்தைப் பாதி படித்ததும் சீட்டின் நகலைப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா? வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க. யாரு ஒட்டச் சொன்னா, எவன் சீட்டு எழுதினான்னு நோண்டிக்கிட்டு. அந்தப் பொண்ணு பேருல முடிச்சுட்டா எல்லாருக்கும் சுலபம்."

"அவளுக்கு?"

"சின்ன வயசு. தாங்கிக்குவா."

தாங்கிக்குவாளாம். நல்ல வெள்ளைச் சட்டை, பவுடர் வாசனை, மேசையில் பேரக்குழந்தையின் படம். அந்த வாயிலிருந்து இது. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நேற்று முன்தினம் வரை நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன், வார்த்தையாக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

"தபால் பிரிவுல கொடுத்து முத்திரை வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

"முத்திரை எல்லாம் எதுக்கும்மா?"

"வியாபாரி சார். முத்திரை இல்லாம எதையும் கொடுக்கறதில்ல."

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று வாங்கினேன். முத்திரை குத்திய நகல் கல்லாப்பெட்டியில் இருக்கிறது, அந்தத் துண்டுச் சீட்டின் மேல்.

மார்ச் 24, செவ்வாய்

முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் டீச்சருக்கும் பதில். மருமகளை எழுதச் சொல்லவில்லை, எழுதியதை அவளிடம் காட்டவும் இல்லை. "ஏடு சரி. நிலா சரி. பிழை என்னுடையது. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று நடுவில் ஒட்டினேன். சரியானதை அனுப்புகிறேன். அதையும் அளந்து பார்க்கவும்."

'அதையும்' என்பதற்குக் கீழே கோடு போட்டேன். அளவுகோல் வைத்து.

மார்ச் 31, செவ்வாய்

ஆர்டர் ரத்து. இரண்டு வருஷத்துக்கு எந்த அரசுப் பள்ளியும் எங்கள் கடையிலிருந்து எதுவும் வாங்கக் கூடாதாம். காரணம்: "ஒத்துழையாமை". பிழை என்றுகூட எழுத மனசு வரவில்லை.

தம்பி சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். தனியாகக் கடை போடுவானாம். போகட்டும். எங்கே போட்டாலும் பல் குத்துகிற குச்சியைக் குப்பையில் போடப் பழகட்டும்.

ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

போன அறுபதும் திரும்பி வந்துவிட்டன. மாடி முழுக்கப் பெட்டி. பட்டறையிலிருந்து வந்து அனுப்பாமல் நிற்பவை நூற்று நாற்பது. ஆக இருநூறு நிலா, எல்லாம் நடுவில்.

கத்தியால் நெம்பினால் காம்பு வந்துவிடுகிறது. ஆனால் நடுவில் பசைத் தழும்பு போகவில்லை. தேய்த்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன். போகாது. தெர்மாகோலில் இன்னொரு குழியை ரொட்டி வெட்டுகிற கத்தியால் அறுத்தேன். மூக்கு, வாய், தலை எல்லாம் வெள்ளைப் பொடி. அச்சுக்காரர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மா, நான் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்க..."

"நீங்க பெட்டியைப் பத்திச் சொன்னீங்க. முடிவு பண்ணது நான். வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

அரை நாளில் பதினொன்று முடிந்தது. காம்பை எங்கே நட வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. கண்ணளவில் நட்டேன். கல்லூரியிலிருந்து மருமகள் வந்தாள், படியேறி மேலே வந்தாள். இருபது நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தாள்.

"பதினொண்ணும் தப்பு அத்தை."

"அப்படின்னா சரி எதும்மா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. அவளும் கவனித்திருக்க வேண்டும். பிறகு கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு அட்டையில் துளை போட்டு, அதைப் பலகைமேல் வைத்தால் துளை விழுகிற இடத்தில்தான் காம்பு என்று காட்டினாள். நெம்பினதையெல்லாம் மறுபடி நெம்பினோம்.

ஏப்ரல் 22, புதன்

நிரந்தரம் ஆகவில்லை. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்.

"அந்தத் தலையாட்டி என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல அத்தை. என் முகத்தையே பாக்கல. ஜன்னலுக்கு வெளிய யாரோ துணி காயப் போட்டுட்டிருந்தாங்க, அதையே பாத்துட்டிருந்தார்."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். என்னால் போன வேலை. மன்னிச்சுக்கோம்மா என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அறுபத்தி மூணாவது பலகை கொஞ்சம் விரிஞ்சிருக்கு, அதை விக்காதீங்க" என்றாள்.

மே 7, வியாழன்

பிள்ளைகளுக்கு அனுப்பியதற்குப் பதில் அட்டை வந்திருக்கிறது, ஒரே வரி: "மூன்று. பதினாறு. சரி." கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அவள் முன்பு கேட்டபடி, ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயருக்கு மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். சாயங்காலம் மருமகள் ஒரு கட்டைப் பிரித்துத் தாளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள். வேகமாக உரித்ததில் ஒன்று கிழிந்தது. ஈரத்துணியை நனைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

அப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் கடைநிலை ஊழியர் வந்தார், கையில் சாமான் பட்டியல். அலமாரியில் இருந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் பசைத் தழும்பு, நிலா ஒரு ஓரமாக.

"என்னம்மா இது, பந்து கோணலா ஒதுங்கிக் கிடக்கு? நடுவுலேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துடுச்சு போலருக்கே. நல்லதா ஒண்ணு எடுங்க."

"அதுதான் நல்லது" என்று நூலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அளந்து பாருங்க."

அளந்தார். ஒட்டுச்சீட்டு இரண்டையும் படித்து, மூன்று, பதினாறு என்று வாய்க்குள்ளேயே எண்ணினார். இன்னொரு தரம் அளந்தார்.

"சரிதான்" என்றார். "கட்டுங்க."

கட்டினேன். நூலையும் பெட்டிக்குள் வைத்தேன்.